பூஞ்சை பிடித்த இசைத்தட்டுகளை என்ன செய்வது? பின்னணி இசை ஆல்பங்களை எப்போது வாங்குவது?

கேள்வி: குன்னூரில் இருக்கிறேன். அப்பா சேர்த்து வைத்த சினிமா இசைத்தட்டுகள் அறுபதுக்கு மேல் உள்ளன. ஒரு டிரங்குப் பெட்டி நிறைய கேசட்டும் இருக்கிறது. முக்கால்வாசி இளையராஜா. இந்த மழைக்கு எடுத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் பூஞ்சை. எப்படிக் காப்பாற்றுவது? எனக்குப் பாட்டைவிடப் பின்னணி இசைதான் உயிர். அது ஏன் பழைய தட்டுகளில் இல்லை? புதிதாக வருவதை எப்படித் தெரிந்துகொண்டு வாங்குவது?

பதில்: முதலில் பயத்தை விடுங்கள். எல்பி தட்டு பிளாஸ்டிக். அதைப் பூஞ்சை சுலபத்தில் தின்னாது. அட்டை, உள்ளுறைக் காகிதம், தட்டில் படிந்த விரல் எண்ணெய் இவைதான் அதற்குச் சாப்பாடு. அதனால் தட்டுகளில் பெரும்பாலானவை பிழைத்துவிடும். அட்டைகளுக்குத்தான் என்னால் உறுதி சொல்ல முடியாது.

ஒரு தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கோலமாவு சிந்தியது போல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அதை ஓட விடாதீர்கள். ஊசி அந்தப் புள்ளிகளைத் தடத்துக்குள் வைத்துத் தேய்த்துவிடும், அப்புறம் எத்தனை கழுவினாலும் சடசடப்பு போகாது. முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு, வெயில் படாத திண்ணையில் வைத்து, மென்மையான பிரஷ்ஷால் தடம் போகும் திசையிலேயே துடையுங்கள். பிறகு மூன்று பங்கு டிஸ்டில்ட் வாட்டர், ஒரு பங்கு ஐசோபுரொபைல் ஆல்கஹால் கலந்து, மைக்ரோஃபைபர் துணியால் வட்டமாகத் துடைத்து, கடைசியில் வெறும் டிஸ்டில்ட் வாட்டரால் ஒருமுறை. நடுவில் இருக்கும் லேபிள் நனையக் கூடாது. குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதில் உள்ள உப்பு காய்ந்து தடத்திலேயே தங்கும். சிடியைத் துடைப்பது வேறு மாதிரி: நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாக.

ஒரு எச்சரிக்கை. அப்பாவின் பெட்டியில் கனமான, கீழே விழுந்தால் நொறுங்கும், நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டு ஏதாவது இருந்தால் அதில் ஆல்கஹால் படவே கூடாது. அது அரக்குத் தட்டு. ஆல்கஹாலில் அரக்கு கரையும். ஒரே துடைப்பில் பாட்டு போய்விடும்.

பழைய காகித உள்ளுறைகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது பாலித்தீன் உள்ளுறை வாங்குங்கள். தட்டுகளைப் புத்தகம் போல நிமிர்த்தி அடுக்குங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் வளையும். அலமாரியை வெளிச்சுவரை ஒட்டிப் போடாதீர்கள். நம் ஊரில் ஜூன் தொடங்கி டிசம்பர் வரை அந்தச் சுவர் வியர்த்துக்கொண்டேதான் இருக்கும். அரை அடி தள்ளிப் போட்டு, அலமாரியின் கீழ் அடுக்கைக் காலியாக விடுங்கள். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை உள்ளே வையுங்கள். 40 முதல் 50 சதவீதம் இருந்தால் நிம்மதி. 65-ஐத் தாண்டி நின்றால் பூஞ்சை வரும். சிலிக்கா ஜெல் போடலாம், ஆனால் மாதம் ஒருமுறை எடுத்து அடுப்புச் சூட்டில் உலர்த்தவில்லை என்றால் அது வெறும் கல்தான். துணி பீரோவுக்குள் பழைய குண்டு பல்ப் எரிய விடும் வழக்கம் இங்கே உண்டு. தட்டுகளுக்கும் அது சரி, 15 வாட் போதும், காலியாக விட்ட கீழ் அடுக்கில் மாட்டுங்கள். எல்இடி பல்ப் மாட்டினால் சூடு வராது, பயனும் இல்லை.

பாச்சை உருண்டை மட்டும் வேண்டாம். கோத்தகிரிக்கு வந்த முதல் மழைக்காலத்தில் நானே சிடி அலமாரியில் ஒரு கைப்பிடி போட்டு மூடி வைத்தேன். தை பிறந்து திறந்தபோது சிடி டப்பாக்கள் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அந்த டப்பாக்கள் பாலிஸ்டைரின். நாப்தலின் அதை இளக்கிவிடும்.

இனி பின்னணி இசை. சினிமாக்காரர்கள் அதை ரீரெக்கார்டிங் என்பார்கள். இசைத்தட்டுக் கம்பெனிகள் வாங்கியது பாடல்களின் உரிமையை. ரீரெக்கார்டிங் படத்தோடு சேர்ந்து தயாரிப்பாளரிடம் தங்கியது; வசனத்தோடும் சத்தங்களோடும் கலந்த பிறகு இசையை மட்டும் தனியாகப் பத்திரப்படுத்தும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. உங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. 1982-ல் வந்த, பாலுமகேந்திரா இயக்கிய 'மூன்றாம் பிறை'யின் கடைசிக் காட்சி எடுத்தது கேத்தி ரயில் நிலையத்தில். அந்தக் காட்சியின் இசையைத் தட்டில் தேடி ஏமாந்தவர்கள் எத்தனையோ பேர். தட்டு என்றாலே பாட்டு என்று இருந்த காலம் அது.

அதே பாலுமகேந்திராவின் 'வீடு' (1988) கதை வேறு. அந்தப் படத்தில் பாட்டே கிடையாது. பின்னணி இசையாக இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்தையே எடுத்தாண்டார். ஆக, 1986-ல் வந்த அந்த எல்பி அப்பாவிடம் இருந்தால், ஒரு முழுப் படத்தின் பின்னணி இசை உங்கள் அலமாரியில் ஏற்கெனவே இருக்கிறது. முதலில் அதைத் தேடி எடுத்துக் கழுவுங்கள்.

இன்னொன்று, ஒலிச்சித்திரம். படத்தின் வசனத்தையும் பாட்டையும் சுருக்கி வெளியிட்ட கதை வசனக் கேசட்டுகளைச் சேகரிப்பவர்கள் பலர் ஒதுக்கிவிடுவார்கள். நான் ஒதுக்க மாட்டேன். வசனத்துக்கு அடியில் ஓடும் வயலினும் புல்லாங்குழலும் வேறு எந்த ஆல்பத்திலும் இல்லாதவை.

புதுப் படங்களில் நிலைமை மாறிவிட்டது. பாடல்கள் படத்துக்கு முன்பே ஒவ்வொன்றாக வரும். பின்னணி இசை வந்தால், படம் வெளியாகிச் சில வாரம் கழித்து ஓஎஸ்டி (ஒரிஜினல் சவுண்ட்டிராக்) என்ற பெயரில் ஆன்லைனில் வரும். பெயரை மட்டும் நம்பாதீர்கள், பாடல் ஆல்பத்துக்கும் அதே பெயரைப் போடுகிறார்கள். பட்டியலைப் பாருங்கள். ஒன்று, இரண்டு நிமிட டிராக்குகள், பாடகர் பெயர் இல்லாமல் இருபது, முப்பது இருந்தால் அது உண்மையான பின்னணி இசை. இசையமைப்பாளரின் பக்கத்தையும் ஆடியோ கம்பெனியின் பக்கத்தையும் படம் வந்த முதல் இரண்டு மாதம் பார்த்து வந்தால் போதும். ஹாலிவுட்டில் பெரும்பாலும் படம் வரும் வாரத்தை ஒட்டியே ஸ்கோர், அதாவது பின்னணி இசை ஆல்பமும் வந்துவிடும். ஆனால் பழைய படங்களின் முழு ஸ்கோரை இன்ட்ராடா, லா-லா லேண்ட் போன்ற நிறுவனங்கள் சில ஆயிரம் சிடி மட்டுமே போடும். அறிவித்த அன்றே வாங்குவது நல்லது. சுங்க வரியையும் கணக்கில் சேருங்கள்.

எல்பிக்கு அவசரம் உதவாது. முன்பதிவில் சொல்லும் தேதி தள்ளிப் போவது சகஜம். தட்டு அச்சடிக்கப் பெரும்பாலும் முதலில் லாக்கர் தட்டில், அதாவது மெழுகு போல மென்மையான பூச்சு உள்ள மூலத் தட்டில், இசையை வெட்டுவார்கள். அந்த லாக்கர் தட்டு செய்ய உலகத்திலேயே இரண்டு தொழிற்சாலைகள்தான் இருந்தன. அதில் கலிபோர்னியாவில் இருந்தது 2020 பிப்ரவரியில் எரிந்துபோனது. நம் பக்கத்துக்குப் பார்சல் வருவதற்கு ஜனவரி முதல் மார்ச் வரைதான் நல்ல நேரம். மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தால் பெட்டி எங்கோ ஒரு ஈரக் கிடங்கில் கிடக்கும். அனுப்புபவரிடம் தட்டை அட்டைக்கு வெளியே தனியாக வைத்து அனுப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் வரும் குலுக்கலில் அட்டையின் ஓரம் கிழிந்துவிடும்.

கேசட்டுகளைக் கடைசியாகச் சொல்கிறேன், அவற்றுக்குத்தான் உண்மையான ஆபத்து. டேப் சுருளின் ஓரத்தில் வெள்ளை படிந்திருந்தால் எந்த பிளேயரிலும் போடாதீர்கள். டேப் கிழியும், பூஞ்சை பிளேயரில் டேப்பை உரசிப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். சுத்தமானவற்றை ஒருமுறை முழுக்க ஓட்டிச் சுற்றி, கம்ப்யூட்டரில் பதிந்துகொள்ளுங்கள். பூஞ்சை பிடித்தவற்றைத் தனி டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு இரண்டு வாரம் உலர விடுங்கள். ஐந்து ஸ்குரூ உள்ள கேசட் என்றால் பிரித்து, டேப்பைப் புது கூட்டுக்கு மாற்றிப் பிறகு பதியலாம். ஒட்டி மூடிய கேசட்டைக் கத்தியால் நெம்ப வேண்டாம், பழகிய கை வேண்டும். அப்படி ஒட்டியவற்றில் ஒலிச்சித்திரம் ஏதாவது இருந்தால், பழகியவரிடம் முதலில் அதைக் கொடுங்கள்.