மண்டலப் பொடியை நம்பி மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு 46 வயது. கடலூர் முதுநகரில் மீன் ஏலக் கடையில் கணக்கு எழுதுகிறேன். போன மாதம்தான் சர்க்கரை இருப்பது தெரிந்தது. வெறும் வயிற்றில் 168, மூன்று மாத சராசரி (HbA1c) 8.4. மெட்பார்மினும் கிளிமிபிரைடும் கொடுத்திருக்கிறார்கள். சோற்றை விட்டுவிட்டேன், மூன்று வேளையும் சப்பாத்திதான். தெரிந்தவர் ஒருவர், ஒரு மண்டலம் மூலிகைப் பொடி சாப்பிட்டால் மாத்திரையே தேவையில்லை என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். பெயர் தெரியாத இப்படிப்பட்ட பொடிகளைச் சோதித்தபோது, கிளிபென்கிளமைடு போன்ற, சர்க்கரையை இறக்கும் ஆங்கில மாத்திரையையே அரைத்துக் கலந்திருந்தது பல முறை பிடிபட்டிருக்கிறது. சர்க்கரை இறங்கினால் 'மூலிகை வேலை செய்கிறது' என்பார்கள். அளவு தெரியாத அந்த மருந்தோடு உங்கள் கிளிமிபிரைடும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து மயங்கி விழலாம். எதுவும் கலக்காத வெறும் பொடி என்றால், மாத்திரையை நிறுத்திய சில நாளிலேயே சர்க்கரை ஏறிவிடும். நீரிழிவைத் தீர்ப்பதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, நோட்டீஸ் சுவரில் இருக்கிறது, கேட்பாரில்லை. இலவச முகாம் என்று விரலில் ஒரு குத்து குத்தி, கையோடு சத்துமாவு டப்பாவை விற்பவர்களும் இதே வகைதான்.

சப்பாத்திக்கு வருவோம். அரிசியிலும் கோதுமையிலும் மாவுச்சத்து ஏறக்குறைய ஒன்றுதான். உருளைக்கிழங்கு குருமாவோடு ஐந்து சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு, சோற்றை விட்டேன் என்று சொல்வதில் பொருளில்லை. மதியம் சோறே சாப்பிடுங்கள். தட்டில் பாதி கீரை, அவரை, கத்தரி. கால் பங்கு மத்தி அல்லது நெத்திலிக் குழம்பு மீன். மீதிக் கால்தான் சோறு. தேன், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை எல்லாமே சர்க்கரையை ஏற்றும். பண்ருட்டிப் பலா என்றால் இரண்டு சுளை, அதுவும் சோற்றின் மேல் வேண்டாம். சாப்பிட்டதும் கணக்கு நோட்டில் உட்காராமல் கால் மணி நேரம் நடங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது வேறு. ஏலம் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். நீங்கள் மாத்திரையை எப்போது போடுகிறீர்கள்? நான்கு மணிக்கு டீயோடு கிளிமிபிரைடை விழுங்கிவிட்டுப் பத்து மணிக்குச் சாப்பிட்டால் நடுவில் சர்க்கரை தாழ்ந்துவிடும். அதைக் காலைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும். சாப்பாடு பத்து மணிக்கென்றால் மாத்திரையும் பத்து மணிக்கே. விரத நாளில் என்ன செய்வது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள். வேலைக்கு எத்தனை மணிக்குப் போகிறீர்கள் என்று புறநோயாளிப் பிரிவில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆளுக்கு ஒரு நிமிடம், சீட்டில் மூன்று வரி, அடுத்த டோக்கன்!

வியர்த்து, கை நடுங்கி, கண் மங்கினால், சர்க்கரை 70-க்குக் கீழே போயிருக்கலாம். அந்த நேரத்தில் சர்க்கரைதான் மருந்து. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு தாமதப்படுத்தும். சுகர்ஃப்ரீ பிஸ்கட்டை நம்ப வேண்டாம். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் அதே அளவு, தெளிந்ததும் சாப்பாடு. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும் என்று கடைப் பையன்களிடம் இன்றே சொல்லி வையுங்கள். சட்டைப் பையில் ஒரு பொட்டலம் சர்க்கரை எப்போதும் இருக்கட்டும்.

கண், பாதம், சிறுநீர்ப் புரதம் மூன்றையும் இந்த மாதமே பாருங்கள். மூன்று மாதம் கழித்துச் சராசரியை மறுபடி எடுங்கள். ஏழுக்குக் கீழே வந்தால் மாத்திரையைக் குறைப்பது பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், பொடிக்காரரிடம் அல்ல.