ரிசீவர் பேட்டரி எத்தனை வோல்ட்? – வாசகர் கேள்வி பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரிப் படகுகள் குறித்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, ரிமோட்டின் சிக்னலைப் பெற்றுப் படகை இயக்கும் ரிசீவருக்கு மின்சாரம் தரும் பேட்டரியையே சுற்றி வந்ததால், இந்த இதழின் பகுதியை முழுவதுமாக அதற்கு ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி (போச்சம்பள்ளி வாசகர்): ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள பாய்மரப் படகொன்றைச் செய்து பாரூர் ஏரியில் ஓட்டி வருகிறேன். சுக்கானுக்கு ஒரு சாதாரண சர்வோவும் (சிக்னலுக்கு ஏற்பத் திரும்பும் சிறு மோட்டார்), பாய்க்கயிற்றை இழுக்க எம்ஜி996ஆர் வகை மெட்டல் கியர் சர்வோவும் பொருத்தியிருக்கிறேன். நான்கு பென்சில் செல் போட்ட டப்பாதான் ரிசீவருக்கு மின்சாரம் தருகிறது. பலத்த காற்றில் பாயை இழுத்தால் சுக்கான், பாய் இரண்டுமே சில விநாடிகள் அசையாமல் நின்றுவிட்டுப் பிறகு தாமாகவே சரியாகின்றன. கரைக்கு வந்து மல்டிமீட்டரில் பார்த்தால் 5.7 வோல்ட் காட்டுகிறது. பழுது எங்கே இருக்கிறது?

பதில்: ரிசீவரிலும் பழுதில்லை, சர்வோவிலும் பழுதில்லை. கரையில் நீங்கள் அளந்தது, யாரும் மின்சாரம் கேட்காமல் சும்மா இருக்கும் பேட்டரியின் வோல்ட். பாய் காற்றை எதிர்த்து இழுபடும் அந்தக் கணத்தில் ரிசீவரின் முனையில் எத்தனை வோல்ட் மிஞ்சுகிறது என்பதுதான் படகு சொன்னபடி கேட்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. மும்முனை மின்சாரம் வந்தவுடன் சுற்றியுள்ள கிணற்று மோட்டார்கள் எல்லாம் ஓடத் தொடங்க, வீட்டில் குண்டு பல்பு மங்கிப்போவதை நம் பக்கத்துக் கிராமங்களில் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். உங்கள் படகுக்குள்ளும் அதுதான் நடக்கிறது.

கணக்காகப் பார்ப்போம். எம்ஜி996ஆர் போன்ற சர்வோ, சுமை தாங்காமல் முட்டி நிற்கும்போது 6 வோல்ட்டில் ஏறத்தாழ 2.5 ஆம்பியர் வரை இழுக்கும். முழுதாக முட்டி நிற்காவிட்டாலும், சுக்கான் சர்வோவையும் சேர்த்து 2 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். ஆல்கலைன் பென்சில் செல் ஒன்றின் உள்தடை (மின்சாரம் பாய்வதற்குச் செல்லுக்குள்ளேயே உள்ள தடை), செல் புதிதாக இருக்கும்போதே 0.15 முதல் 0.3 ஓம் வரை இருக்கும். பயன்படுத்தப் பயன்படுத்த அது கூடிக்கொண்டே போகும். செல்லுக்கு 0.3 ஓம் என்று கொண்டாலும், நான்கு செல்லுக்கு 1.2 ஓம் ஆகிறது. 2 ஆம்பியர் பாயும்போது 2.4 வோல்ட் பேட்டரிக்குள்ளேயே வீணாகிறது. 5.7 வோல்ட்டில் மிஞ்சுவது 3.3 வோல்ட். சாதாரண கார்பன் செல்லாக இருந்தால் நிலைமை இதைவிட மோசம். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர்கள் பலவும் 3.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அணைந்து, மின்சாரம் மீண்டதும் புதிதாகத் தொடங்கி, கையிலுள்ள ரிமோட்டைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். நீங்கள் கண்ட அந்தச் சில விநாடி மௌனம் இதுவே. பழைய 27 மெகாஹெர்ட்ஸ் ரிசீவர்கள் இப்படித் தயங்கி நிற்காமல் சற்றே நடுங்கிவிட்டு ஓடிவிடும் என்பதால், 'அந்தக் காலத்து செட்டே மேல்' என்று சிலர் சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் அதற்காக யாரும் அதற்குத் திரும்ப வேண்டியதில்லை.

தீர்வு, நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள். செல் ஒன்றின் பெயரளவு வோல்ட் 1.2 மட்டுமே, ஆகவே நான்கு செல் 4.8 வோல்ட், ஐந்து செல் 6 வோல்ட். நான்கு பென்சில் செல் 6 வோல்ட் என்று அட்டையில் இருக்க, 4.8 வோல்ட் பேட்டரி அதைவிட வலுவானது என்றால் நம்பக் கடினமாகத்தான் இருக்கும். எனினும் இந்த செல்லின் உள்தடை ஆல்கலைன் செல்லில் ஒரு சிறு பங்கே என்பதால், 2 ஆம்பியர் இழுத்தாலும் அதன் வோல்ட் அதிகம் சரிவதில்லை. சுக்கான் மட்டுமே உள்ள சிறு படகுக்கு 4.8 வோல்ட் போதும். பாயை இழுக்கும் சர்வோ உள்ள உங்கள் படகுக்கு ஐந்து செல் கொண்ட 6 வோல்ட் பேட்டரியையே பரிந்துரைக்கிறேன். ஒரு செல் கூடுவதால் சர்வோவின் வலுவும் வேகமும் கூடும்: பலரிடமும் உள்ள ஃபுட்டாபா எஸ்3003 சர்வோ 4.8 வோல்ட்டில் 3.2 கிலோ-சென்டிமீட்டர் முறுக்குவிசையும் 6 வோல்ட்டில் 4.1 கிலோ-சென்டிமீட்டரும் தருகிறது. எடை கூடுவது ஏறத்தாழ 25 முதல் 30 கிராம். ஒரு மீட்டர் படகுக்கு அது ஒரு பொருட்டல்ல.

இங்கே மேல் வரம்பையும் கவனிக்க வேண்டும். சார்ஜரிலிருந்து எடுத்த சூட்டோடு ஐந்து செல் பேட்டரி 7 வோல்ட்டையும் தாண்டி நிற்கும். படகைத் தண்ணீரில் விடுமுன் சுக்கானையும் பாயையும் சிறிது நேரம் கரையிலேயே அசைத்துக்கொண்டிருந்தால் அந்த மேல்மிச்சம் இறங்கிவிடும். 4.8 வோல்ட் மட்டும் என்று குறிப்பிட்ட மிகப் பழைய சர்வோ ஒன்று படகில் இருக்குமானால், அதை மாற்றாமல் ஐந்தாவது செல்லைச் சேர்க்காதீர்கள். வலுவான சர்வோவுக்கு ஏற்ப அல்ல, இருப்பதிலேயே வலுவற்ற சர்வோவின் வரம்புக்கு ஏற்பத்தான் பேட்டரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

செல்லைத் தவிர டப்பாவும் குற்றவாளியே. சுருள்கம்பி அழுத்தத்தில் நிற்கும் தொடுமுனைகள் ஏரியின் ஈரத்தில் விரைவில் பச்சை பூக்கும். அங்கேயும் தடை கூடும். செல்களைத் தகடு வைத்து வெல்டிங் செய்து சுற்றிய பேக்காக வாங்குங்கள். சுவிட்சும் கனமானதாக இருக்கட்டும். வயர் நீளத்தை இயன்றவரை குறையுங்கள். பிறகு ரிசீவரில் காலியாக உள்ள ஒரு துளையில் மல்டிமீட்டரை இணைத்து, பாய்க்கயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு ஒரு விநாடி இழுக்கச் செய்து பாருங்கள். மீட்டர் 4.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்காவிட்டால் நம்பி ஓட்டலாம். சாதாரண மீட்டர் மிகக் குறுகிய சரிவுகளைக் காட்டாது என்பதால்தான் 3.5 என்று சொல்லாமல் 4.5 என்கிறேன்.

கேள்வி (ஓசூர் வாசகர்): என்னிடம் இரண்டு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி இருக்கிறது. ரிசீவர் 8.4 வோல்ட் வரை தாங்கும் என்று அதன் கையேட்டில் உள்ளது. நேரடியாக இணைத்துவிடலாமா?

பதில்: ரிசீவர் தாங்கும், சர்வோ தாங்குமா என்பதே கேள்வி. ரிசீவர் தனக்குத் தேவையான வோல்ட்டை மட்டும் உள்ளே குறைத்துக்கொள்கிறது. சர்வோவுக்கான முனைகளில் பேட்டரியின் வோல்ட்டை அப்படியே கடத்திவிடுகிறது. இரண்டு செல் லிப்போவின் பெயரளவு 7.4 வோல்ட், முழு சார்ஜில் 8.4 வோல்ட். 6 வோல்ட் சர்வோவுக்கு இதைக் கொடுத்தால் முதலில் நடுங்கும், பிறகு சூடேறும், கடைசியில் புகையும். உயர் வோல்ட் சர்வோக்கள் மட்டுமே படகில் இருந்தால் தாராளமாக இணைக்கலாம். இல்லாவிட்டால் நடுவே 5 அல்லது 6 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் தனி யுபிஇசி ஒன்றை வையுங்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி இன்னொரு வழி. அதில் இரண்டு செல் 6.6 வோல்ட். முழு சார்ஜில் 7.2 வரை போனாலும் சீக்கிரம் இறங்கி, தீரும் தறுவாய் வரை ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். சர்வோ அதையும் ஏற்காது என்று அஞ்சுபவர்கள் சிவப்பு வயரில் 1என்5401 டையோடு ஒன்றைச் சேர்த்தால் சுமார் 0.7 வோல்ட் குறையும். இவ்வகை பேட்டரியை அதற்குரிய முறை உள்ள சார்ஜரில் மட்டுமே சார்ஜ் செய்ய வேண்டும். பழைய லேப்டாப்பிலிருந்து எடுத்த 18650 செல் ஒன்றே ஒன்றை வைத்துச் சமாளிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள், அது 4.2 வோல்ட்டில் தொடங்கி 3 வோல்ட் வரை இறங்கும் என்பதால் போதாது.

கேள்வி (பாலக்கோடு வாசகர்): மோட்டார் படகில் ஸ்பீடு கன்ட்ரோலரே ரிசீவருக்கு 5 வோல்ட் தருகிறது. தனி பேட்டரியும் சேர்த்தால் கூடுதல் பாதுகாப்புதானே?

பதில்: இரண்டையும் ஒன்றாக இணைப்பது பாதுகாப்பு அல்ல, ஆபத்து. இரண்டு மூலங்களின் வோல்ட்டும் ஒத்துப்போகாததால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்சாரம் பாயும். தனி பேட்டரி வைப்பதானால், கன்ட்ரோலரிலிருந்து ரிசீவருக்கு வரும் மூன்று வயர்களில் நடுவிலுள்ள சிவப்பு வயரின் பின்னை மெல்ல நெம்பி வெளியே எடுத்து டேப் சுற்றிவிடுங்கள். வயரை வெட்ட வேண்டாம். சுக்கான் ஒன்று மட்டுமே உள்ள சிறு படகுக்குக் கன்ட்ரோலர் தரும் 5 வோல்ட்டே போதும். ஆனால் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் படகில் கன்ட்ரோலருக்குள் வோல்ட்டை 5 ஆகக் குறைக்கும் சுற்று பழைய லீனியர் வகையாக இருந்தால், 1 ஆம்பியருக்கு 7 வாட் வெப்பமாகவே கழியும். நம் ஏரிகளில் ஆகாயத்தாமரைத் தண்டு சுக்கானில் சிக்கிக்கொண்டால் சர்வோ விடாமல் இழுக்கும். காற்றுப் புகாத படகு வயிற்றுக்குள் அந்தச் சுற்று சூடேறி ரிசீவரையும் சேர்த்து அணைத்துவிடக்கூடும். அத்தகைய படகுக்குத் தனி பேட்டரியே என் தேர்வு. பெட்ரோல் எஞ்சின், நீராவி எஞ்சின் படகுகளில் கன்ட்ரோலரே கிடையாது என்பதால் அங்கே வேறு வழியுமில்லை. எந்தப் படகானாலும், சிக்னல் அறுந்தால் மோட்டார் நிற்கும்படி ஃபெயில்சேஃப் வைத்திருக்கிறதா என்று கரையில் ரிமோட்டை அணைத்துப் பார்த்துவிட்டே இறக்குங்கள். புரொப்பல்லரில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஊத்தங்கரை வாசகர்): சித்திரை வெயிலில் நிக்கல் பேட்டரியைச் சார்ஜ் செய்யலாமா?

பதில்: நிழலில், பேட்டரி ஆறிய பிறகு செய்யலாம். 45 டிகிரி செல்சியஸைத் தாண்டிய செல் சார்ஜைச் சரியாக ஏற்காது. வெயிலில் மூடி வைத்த கார் எளிதில் அந்த அளவை எட்டும். 2000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியை 200 மில்லி ஆம்பியரில் 14 முதல் 16 மணி நேரம், அதாவது முந்திய நாள் மாலையில் தொடங்கி மறுநாள் காலை வரை, சார்ஜ் செய்வதே செல்லுக்கு உகந்தது.