தோழிகள் வந்து அழுதால் போதுமா?

தோழிகள் எல்லாரும் உங்கள் மகளிடம்தான் வந்து அழுகிறார்கள், அதனால் சைக்கோதெரபிஸ்ட் (பேச்சின் வழியே மனச்சிக்கலுக்குச் சிகிச்சை தருபவர்) ஆகப்போகிறேன் என்கிறாள், வரலாறு படித்தவளுக்கு இது ஒத்துவருமா என்று கேட்கிறீர்கள்.

வரலாறு ஒரு தடையே இல்லை. இந்தத் துறையின் பெரும்புள்ளியான கார்ல் ரோஜர்ஸ் கல்லூரியில் முதலில் விவசாயம் எடுத்தார், பிறகு வரலாற்றுக்கு மாறினார், இறையியலும் படித்தார், அதற்கப்புறம்தான் உளவியல். இன்று பொதுவாக உளவியலில் முதுநிலைப் படிப்பும் தனிப் பயிற்சியும் கேட்பார்கள். விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். மாத்திரை எழுதும் மனநல மருத்துவராக வேண்டுமென்றால் அது மருத்துவப் படிப்பு, வேறு பாதை.

எனக்கு யோசனை அந்தத் தோழிகள் விஷயத்தில்தான். "எனக்கு எதுவுமே உருப்படாது" என்று ஒருத்தி அழுதால் தோழி என்ன சொல்வாள்? "சீ, அப்படியெல்லாம் பேசாதே." அன்புதான், ஆனால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். சிகிச்சையாளர் அந்த அவசர ஆறுதலை அடக்கப் பழகியவர். ரோஜர்ஸ் வழியில் வந்தவர், "எவ்வளவு முயன்றாலும் வீண் என்று தோன்றுகிறதா?" என்று அந்த உணர்வோடேயே நிற்பார். 1960களில் ஏரன் பெக் உருவாக்கிய சிந்தனை-நடத்தை சிகிச்சையில் பயின்றவர், "கடைசியாக எப்போது அப்படித் தோன்றியது? அதற்குச் சற்று முன் என்ன நடந்தது?" என்று துருவி, அந்த எண்ணம் எவ்வளவு உண்மை என்று வந்தவரையே சோதித்துப் பார்க்க வைப்பார். இரண்டிலும் இலவச அறிவுரை கிடையாது! எந்த வழியானாலும், வந்தவருக்குச் சிகிச்சையாளர்மேல் நம்பிக்கை விழுந்ததா என்பது பலனைக் கணிசமாகத் தீர்மானிக்கிறது என்றே ஆய்வுகள் காட்டுகின்றன.

இந்த அடக்கம் புத்தகத்தில் வராது. ஆகவே கல்லூரி தேடும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். மேற்பார்வையில் நேரடியாக ஆட்களைச் சந்திக்கும் பயிற்சி எத்தனை மணி நேரம், மாணவரின் அமர்வுகளை மூத்தவர் ஒருவர் தவறாமல் அலசுவாரா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த இடம் பாருங்கள். சில பயிற்சிகளில் மாணவரே சிகிச்சைக்குப் போக வேண்டும். அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், தன் காயம் எது, வந்தவருடையது எது என்று பிரித்தறியத்தான்.

வருமானம் மெதுவாகத்தான் ஏறும். படிப்பு முடிந்தும் மேற்பார்வையில் சில காலம் ஓடும், அதுவரை வீட்டில் தாங்க முடியுமா என்று இப்போதே பேசிவிடுங்கள்.

சேர்வதற்கு முன், மனம் உடைந்தவர்கள் அழைத்துப் பேசும் நெருக்கடி உதவி எண்களில், பயிற்சி கொடுத்து ஆள் எடுக்கும் ஒன்றில் அவள் சில மாதம் தன்னார்வலராக இருக்கட்டும். அழைத்தவர் சொன்னதை அவள் வெளியில் பேசக்கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால்கூட மேற்பார்வையாளரிடம்தான் சொல்வாள். வீட்டுக்கு வந்ததும் "இன்று யார் பேசினார்கள்?" என்று நீங்களும் கேட்கக்கூடாது, சரியா?