நீங்கள் சொன்னால் செய்கிறேன்

கேள்வி: எனக்கு 38 வயது. மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே எதைச் செய்தாலும் நாலு பேரிடம் கேட்டுத்தான் செய்வேன். ஒரு வேலையை ஒப்புக்கொள்ளலாமா என்பதில் தொடங்கி, ஒருவருக்கு அனுப்பும் செய்தியில் ‘நன்றி’ போடலாமா என்பதுவரை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் போதும் என்று தோன்றியது. எனக்கு நானே அதிகாரி, என்னை எடைபோடும் உரிமை வெளியே யாருக்கும் இல்லை என்று முடிவு செய்தேன். ஆரம்பத்தில் பெரிய விடுதலையாக இருந்தது. இப்போது என் தங்கை, ‘அக்கா, உன்கிட்ட பேசவே பயமா இருக்கு’ என்கிறாள். போன மாதம் என் மொழிபெயர்ப்பு ஒன்றில், என்னைவிடப் பத்து வயது இளையவர் ஒருவர் நான்கு திருத்தங்கள் சொன்னார். ‘என் வேலை எனக்குத் தெரியும்’ என்று திருப்பி அனுப்பிவிட்டேன். ராத்திரி எடுத்துப் பார்த்தால், இரண்டு திருத்தங்கள் சரி. இன்றுவரை அதை அவரிடம் சொல்லவில்லை. அன்றைக்கே ‘யார் என்ன நினைத்தாலும் எனக்குக் கவலையில்லை’ என்று ஸ்டேட்டஸ் வைத்தேன். அதை யார் யார் பார்த்தார்கள் என்று தூங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குள்ளிருந்து பேசுவது என் உள்குரலா, வெறும் ஈகோவா? எப்படிப் பிரித்தறிவது? நீங்கள் சொல்லுங்கள், அப்படியே செய்கிறேன்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்ததும் சிரித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். என்னை எடைபோட யாருக்கும் உரிமையில்லை என்று இரண்டு வருஷமாக நின்றவர், முன்பின் தெரியாத என்னிடம் ‘நீங்கள் சொல்லுங்கள், அப்படியே செய்கிறேன்’ என்கிறீர்கள். நாலு பேரைக் கேட்ட பழைய பெண் எங்கேயும் போகவில்லை. கதவுக்குப் பின்னால்தான் நிற்கிறாள்.

அந்த ஸ்டேட்டஸ் விஷயத்தை நீங்களே எழுதியதற்காக உங்களை எனக்குப் பிடித்துப்போயிற்று. அதை மறைத்திருக்கலாம். மறைத்திருந்தால் இந்தக் கடிதம் உங்கள் தங்கையைப் பற்றிய புகாராக மட்டும் வந்து சேர்ந்திருக்கும். கவலையில்லை என்று அறிவித்துவிட்டு, அந்த அறிவிப்பு யாருக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்று எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்தது யார்? உங்களுக்குள் ஒருவர் பார்த்திருக்கிறார். அவர் கோபப்படவில்லை, வாதாடவில்லை, உங்களைத் திட்டவும் இல்லை. நடந்ததை நடந்தபடி பார்த்து எனக்கு எழுதியும் அனுப்பிவிட்டார். நீங்கள் தேடும் ஆள் அவராக இருக்கலாம் என்பது என் சந்தேகம்.

நமக்கு இதற்கு ஒரு நல்ல சொல் இருக்கிறது: மனசாட்சி. தினமும் சொல்லிச் சொல்லி அதன் பொருளை மறந்துவிட்டோம். அது மனசின் சாட்சி. நீதிபதி என்று அதற்குப் பெயர் வைக்கவில்லை, வக்கீல் என்றும் வைக்கவில்லை. சாட்சியின் வேலை, பார்த்ததைச் சொல்வது. உங்கள் பிரச்சினையையும் இந்த நீதிமன்றக் கணக்கிலேயே வைத்துப் பார்க்கிறேன், எனக்கு அப்படித்தான் பிடிபடுகிறது. 36 வயதுவரை வழியில் போனவர் வந்தவர் எல்லாரையும் நீதிபதி நாற்காலியில் உட்காரவைத்தீர்கள். அப்புறம் ஒருநாள் எல்லாரையும் கட்டிடத்தைவிட்டே துரத்தினீர்கள். நாற்காலியிலிருந்து இறக்கியது சரி. அதைப் பற்றி வருத்தப்படவே வேண்டாம். ஆனால் அவர்கள் நிற்க வேண்டிய இடம் ஒன்று உண்டு, சாட்சிக் கூண்டு. அங்கிருந்தும் விரட்டிவிட்டீர்கள். சாட்சியே இல்லாத மன்றத்தில் உட்கார்ந்திருப்பவர் எப்படித் தீர்ப்புச் சொல்வார்? தனக்குத் தோன்றியதைத்தான் சொல்வார்.

வெளியார் கருத்துக்கு நாம் இவ்வளவு மசிவது ஏதோ உங்களுடைய தனிப்பட்ட பலவீனம் என்று நினைத்துவிடாதீர்கள். சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1951இல் வெளியிட்ட சோதனை பிரபலமானது. ஒரு கோடு, பக்கத்தில் மூன்று கோடுகள். எது அதே நீளம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தனியாகக் கேட்டால் கிட்டத்தட்ட யாருமே தவறு செய்யவில்லை. ஆனால் அறையில் இருந்த மற்றவர்கள், முன்பே பேசிவைத்தபடி, ஒரே தவறான விடையைச் சொன்னபோது, உண்மையாகச் சோதிக்கப்பட்டவர்களின் விடைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்தத் தவறோடு சேர்ந்துகொண்டது. கண்ணெதிரே இருக்கும் கோட்டுக்கே இந்தக் கதி என்றால், ‘நன்றி’ போடலாமா என்பதற்கு நாலு பேரைக் கேட்டதில் ஆச்சரியம் என்ன?

இந்தச் சோதனையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த பகுதி. கடைசிவரை மசியாமல் நின்றவர்களும் இருந்தார்கள், சுமார் நான்கில் ஒருவர். பின்னர் ஆஷ் அவர்களிடம் பேசிப் பார்த்தபோது, எல்லாருமே அசையாத மலையாக இருந்துவிடவில்லை. சிலருக்கு ‘ஒருவேளை என் கண்தான் தப்போ’ என்ற சந்தேகமும் பதற்றமும் நன்றாகவே இருந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டே, தனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறார்கள். உள்ளுக்குள் அதிகாரம் வந்துவிட்டால் சந்தேகம் போய்விடும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. போகாது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

சரி, அந்த நான்கு திருத்தங்களுக்கு வருவோம். இந்தக் கடிதத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். திருத்தம் சொன்னவர் உங்களைவிடப் பத்து வயது இளையவர் என்பதை ஏன் எனக்கு எழுதினீர்கள்? ஒரு சொல் சரியா தப்பா என்பதற்கும் அதைச் சொன்னவரின் வயதுக்கும் என்ன சம்பந்தம்? நீங்கள் அந்தத் திருத்தங்களை நிராகரித்தபோது மூலத்தையோ வாக்கியத்தையோ பார்க்கவில்லை, ஆளைப் பார்த்திருக்கிறீர்கள். ராத்திரி, ஆள் இல்லாதபோது, வாக்கியம் மட்டும் மேசையில் இருந்தபோது, இரண்டு சரி என்று உங்களுக்கே தெரிந்துவிட்டது. பகலில் பேசியதையும் ராத்திரி பார்த்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் என்னிடம் கேட்ட வித்தியாசத்தை ஒரே நாளில் நீங்களே அனுபவித்திருக்கிறீர்கள்.

‘உள்குரல் எப்போதும் அமைதியாக இருக்கும், ஈகோ எப்போதும் சத்தம் போடும்’ என்று ஒரு சூத்திரம் சொல்வார்கள். நான் அதை முழுசாக நம்புவதில்லை. அநியாயத்தைப் பார்த்துக் கொதித்துப் பேசுபவரின் குரலும் உள்ளிருந்துதான் வருகிறது. மிக அமைதியாக, முகத்தில் புன்னகையோடு, அடுத்தவரை ஒன்றுமில்லாமல் செய்துவிடுகிற ஈகோவும் உண்டு. சத்தத்தை அளப்பதைவிட, ‘என் காரணம் எதைப் பற்றியது?’ என்று கேட்பது எனக்கு உதவியிருக்கிறது. காரணம் விஷயத்தைப் பற்றியதா, ஆளைப் பற்றியதா, அல்லது அந்த ஆளின் முன்னால் நான் எப்படித் தெரிகிறேன் என்பதைப் பற்றியதா?

நானும் இதில் வழுக்கியவன்தான். பல வருஷத்துக்கு முன், இப்படி நான் எழுதிய ஒரு பதிலைப் படித்துவிட்டு ஒருவர், ‘உங்கள் பதிலில் இரக்கமே இல்லை’ என்று எழுதினார். சுயமரியாதையைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நீளமாக ஒரு மறுப்பு எழுதினேன். அனுப்பவில்லை, நல்லவேளை. இரண்டு நாள் கழித்துப் படித்தால், பாதி வாக்கியங்கள் எனக்கு எத்தனை வருஷ அனுபவம் என்பதையே நிரூபித்துக்கொண்டிருந்தன. அவர் கேட்ட கேள்விக்கு அதில் பதிலே இல்லை.

எதிர்ப்பதும் ஒருவகைக் கீழ்ப்படிதல்தான் என்பதையும் கவனியுங்கள். ‘செய்யாதே’ என்றால் அதையே செய்யத் தோன்றும் அந்த உந்துதலை ஜாக் பிரெம் என்ற உளவியலாளர் 1966இல் ஒரு கோட்பாடாகவே எழுதினார். நம் சுதந்திரத்தில் யாரோ கைவைக்கிறார்கள் என்று தோன்றினால், தடுக்கப்பட்டதுமேல் ஆசை கூடும். கூடும்போது நாம் சுதந்திரமாக இருப்பதுபோலவே தோன்றும். ஆனால் சாவி அவர் கையில்தான் இருக்கிறது. அவர் இடம் என்றால் நாம் வலம், அவர் வலம் என்றால் நாம் இடம். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற உளவியலாளர்கள், மனிதரின் அடிப்படைத் தேவைகளில் ஒன்றாகத் தன்னாட்சியை, அதாவது தன் மனம் ஒப்பி நடப்பதைச் சொல்கிறார்கள். அதே மூச்சில், உறவையும் இன்னொரு அடிப்படைத் தேவையாகச் சொல்கிறார்கள். அவர்கள் கணக்கில் தன்னாட்சிக்கு எதிர்ச்சொல் கட்டுப்படுத்தப்படுவது. அடுத்தவர் பேச்சைக் கேட்பது அதற்கு எதிரே வருவதில்லை. நன்றாக யோசித்து, ‘இதில் உன் சொல்படியே செய்கிறேன்’ என்று ஒருவர் மனதார ஒப்புக்கொண்டால், அதுவும் தன்னாட்சிதான்.

ஏழாம் நூற்றாண்டில் அப்பர் இருந்தார். பல்லவ மன்னன் ஆளனுப்பி அழைத்தபோது, நாங்கள் யாருக்கும் குடிகள் இல்லை என்று பாடியதாக மரபு சொல்கிறது. தலைநிமிர்வுக்கு உதாரணம் காட்ட எல்லாரும் அந்த ஒரு வரியை எடுத்துக்கொள்கிறார்கள். அதே பாட்டில், தான் இறைவனுக்கு மீளா ஆள் என்றும் அவர் சொல்வதை வசதியாக விட்டுவிடுகிறார்கள். அரசனுக்கு வணங்காத அந்த மனிதர் கையில் எப்போதும் இருந்தது உழவாரம், புல் செதுக்கும் கருவி. கோயில் முற்றங்களில் குனிந்து புல் செதுக்கியதால் அவர் நிமிர்வு ஒரு விரற்கடைகூடக் குறைந்ததாகத் தெரியவில்லை. நீங்கள் பக்தரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது, இங்கே அது முக்கியமும் இல்லை. எங்கே குனிவது என்பதை அவரே தேர்ந்தெடுத்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உங்களுக்கு அது உங்கள் தொழிலாக இருக்கலாம். மூலத்துக்கு உண்மையாக இருப்பதற்காகக் குனிகிற மொழிபெயர்ப்பாளர், ஓர் இளையவரின் முன் குனிந்துவிட்டதாக யார் சொல்ல முடியும்?

பயிற்சி ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்பீர்கள். ஒன்று சொல்கிறேன். அடுத்த முறை ஒரு முடிவு எடுக்கும்போது, யாரிடமும் கேட்பதற்கு முன் உங்கள் முடிவையும் அதற்கான காரணத்தையும் இரண்டே வரியில் தாளில் எழுதிவிடுங்கள். பிறகு கேளுங்கள், தாராளமாக. கேட்டபின் முடிவு மாறினால், எது மாற்றியது என்று கீழே எழுதுங்கள். உங்களுக்குத் தெரியாத ஒரு தகவல் வந்ததா? அப்படியானால் மாறியது நியாயம். புதிதாக எதுவும் வரவில்லை, எதிரில் இருந்தவரின் முகம் மட்டும் கொஞ்சம் சுருங்கியது என்றால், மாற்றியது பயம். முடிவு மாறாவிட்டாலும் எழுதுங்கள். அவர் சொன்னதை எந்தக் காரணத்துக்காகத் தள்ளினீர்கள்? அந்த இடத்தில் வயது, பதவி, ‘நேற்று வந்தவர்’ என்றெல்லாம் எழுத வந்தால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு ராத்திரிவரை பொறுங்கள். ராத்திரி உங்களுக்கு நன்றாகவே கண் தெரிகிறது.

ஒரு எச்சரிக்கை. உள்ளிருந்து வருவதால் மட்டுமே ஒன்று சரியாகிவிடாது. பழைய பயம், வளர்த்தவர்களின் குரல், நேற்றைய கோபம் எல்லாமே உள்ளேதான் குடியிருக்கின்றன. நாற்காலியில் இருப்பவரும் தப்பான தீர்ப்புச் சொல்வார். அதைத் தன் பெயராலேயே திருத்தி எழுதவும் அவரால் முடிய வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் தங்கை. பயமாக இருக்கிறது என்று ஒருவர் சொல்வது உங்கள்மேல் எழுதப்பட்ட தீர்ப்பு ஆகாது. அது ஒரு சாட்சியம். எந்த நாள், எந்தப் பேச்சில் பயமாக இருந்தது என்று அவளிடமே கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். ‘ஆனால்’ என்ற சொல்லை அன்றைக்கு மட்டும் பெட்டியில் பூட்டிவையுங்கள். அவள் சொல்வதில் எதை ஏற்பது என்பதை மறுநாள் நீங்கள் முடிவு செய்யலாம். எல்லாவற்றையும் ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. பழைய அக்கா வேண்டும், எதற்கும் தலையாட்டுகிற அக்கா வேண்டும் என்பது மட்டும்தான் அவள் குறை என்றால், அதற்கு நீங்கள் திரும்பிப் போகவும் வேண்டாம்.

அந்த இளையவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். சிறியதாக இருக்கட்டும். இந்த இரண்டு இடங்களிலும் நீங்கள் சொன்னது சரி, மாற்றிவிட்டேன், அன்று அவசரப்பட்டுத் திருப்பி அனுப்பியதற்கு மன்னிக்கவும். ‘பொதுவாக நான் இப்படித் தவறுவதில்லை’ என்று சேர்க்கக் கை பரபரக்கும். சேர்க்காதீர்கள். ‘நன்றி’ போடலாமா என்று என்னிடம் கேட்காதீர்கள். இதையும் ஸ்டேட்டஸாக வைக்காதீர்கள்.

அப்புறம், அவர் சொன்னவை நான்கு. இரண்டு சரி என்று எழுதிவிட்டு மற்ற இரண்டைப் பற்றி நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லை. அவற்றில் உங்கள் சொல்தான் பொருத்தம் என்று ராத்திரி வெளிச்சத்திலும் தெரிந்திருந்தால், மன்னிப்புக் கேட்கும் வேகத்தில் அதையும் விட்டுக்கொடுத்துவிடாதீர்கள். அதே செய்தியில், ஏன் உங்கள் சொல்லையே வைக்கிறீர்கள் என்று இடத்துக்கு ஒரு வரி எழுதுங்கள்.