கவுன்சில் ஆய்வாளர் சமையலறைக்குள் வரும்போது

தம்பி, நீங்கள் கேட்டதன் சுருக்கம் இது. லண்டன் வந்து ஒரு வருடம் ஆகிறது. மனைவி வீட்டிலிருந்தே இட்லி மாவும் மதியச் சாப்பாடும் விற்கப் போகிறார், சரிப்பட்டால் ஈஸ்ட் ஹாமில் ஒரு டேக்அவே, அதாவது பார்சல் சாப்பாட்டுக் கடை, எடுக்க எண்ணம். நண்பர் ஒருவர் டிரை கிளீனிங் கடையில் பங்கு சேரவும் கூப்பிடுகிறார். உள்ளூர் நகராட்சியான கவுன்சிலிலிருந்து சோதனைக்கு வருவார்கள் என்று கேட்டதும் வயிற்றில் புளியைக் கரைக்கிறது, வருகிறவர்களை எப்படிக் கவனிப்பது என்கிறீர்கள்.

கவனிக்கவே வேண்டாம். டீ குடிக்கிறீர்களா என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கவர் நீட்டுவது 2010-ஆம் ஆண்டு லஞ்சச் சட்டப்படி குற்றம். அதோடு, அதுவரை உங்கள்மேல் இல்லாத சந்தேகமும் வந்துவிடும்.

வியாபாரம் தொடங்க 28 நாளாவது முன்பாக உங்கள் பகுதி கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் இல்லை, பதிவை மறுக்கவும் மாட்டார்கள். வீட்டுச் சமையலாக இருந்தாலும், வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்துத் தொடர்ந்து விற்றாலும் இதேதான். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குடியிருக்கும் வீட்டுக்குள் உரிமையோடு நுழைய அதிகாரி 24 மணி நேரம் முன்பே தகவல் தர வேண்டும். கடைக்கு அந்தச் சலுகை கிடையாது. வெள்ளிக்கிழமை மாலை கூட்டம் நெரியும்போதும் சொல்லாமல் வந்து நிற்கலாம்.

வந்தவர் 0 முதல் 5 வரை மதிப்பெண் தருவார். பார்ப்பது மூன்று விஷயம்: உணவைக் கையாளும் விதம், கட்டடத்தின் நிலையும் சுத்தமும், அப்புறம் இந்தக் கடையை நடத்துகிறவர்களை நம்பலாமா என்பது. நம் ஆட்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த மூன்றாவதில்தான். அடுப்பு பளபளக்கும், தரையில் ஒரு பருக்கை இருக்காது, ஆனால் எழுதி வைத்த காகிதம் ஒன்றுகூட இருக்காது. அம்மா நாற்பது வருடம் சமைத்த கைப்பக்குவம் இது என்றால் அதிகாரி சிரித்துக்கொண்டே குறைத்துப் போடுவார். உணவுத் தர முகமையின் இணையதளத்தில் 'சேஃபர் ஃபுட் பெட்டர் பிசினஸ்' என்ற தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. அதில் உள்ள டைரியை அன்றன்றைக்கே எழுதுங்கள். ஒரு மாதத்துக்கு உண்டானதை ஒரே பேனாவில் ஒரே ராத்திரியில் எழுதினால், பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கேள்வியை முதலாளியிடம்தான் கேட்பார்கள் என்றும் இல்லை. அடுப்படியில் நிற்கும் பையனிடம் கேட்பார்கள். ஃபிரிட்ஜ் 8 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, 5 என்றால் நிம்மதி. சூடாக வைத்து விற்பது 63 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. கோழி வெந்ததா என்பதற்கு நடுப்பகுதியில் 70 டிகிரி, இரண்டு நிமிடம். சோறுதான் நமக்குப் பெரிய வம்பு. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாகாது. சோற்றை அண்டாவோடு வெளியே விட்டால் அவை முளைத்து நஞ்சு சேர்க்கும், மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. அகலத் தட்டுகளில் பரப்பி, ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் ஆற்றி ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். மாவை ராத்திரி முழுக்க வெளியே புளிக்க வைப்பதைக் கண்டு அதிகாரி திகைக்கலாம். எத்தனை மணி நேரம், எந்தப் பாத்திரம், எப்போது ஃபிரிட்ஜுக்குள் போகிறது, புளித்தது என்பதை எப்படி முடிவு செய்கிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுதி வைத்தால் பேச்சு சுலபமாகும்.

ஒவ்வாமைப் பட்டியலில் 14 பொருள்கள் உண்டு. கடுகு அதில் ஒன்று! தாளிப்பு இல்லாமல் நமக்கு எது இருக்கிறது, சொல்லுங்கள். நல்லெண்ணெய் என்றால் எள், நெய் என்றால் பால், குருமாவில் முந்திரி. கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். தேங்காய் அந்தப் பட்டியலில் இல்லை. கடையிலேயே முன்கூட்டிப் பொட்டலம் கட்டி விற்பவற்றிலும் 2021 அக்டோபர் முதல் எல்லாச் சேர்மானமும் அச்சிட வேண்டும், ஒவ்வாமைப் பொருள்கள் தனித்துத் தெரிய வேண்டும். அப்படி விற்கும் மாவுப் பாக்கெட்டுக்கும் லேபிள் அவசியம்.

டேக்அவே எடுத்தால் புகைபோக்கியை முதலில் பாருங்கள். மேல்மாடிக்காரர் வாடையும் விசிறிச் சத்தமும் தாங்கவில்லை என்று புகார் கொடுத்தால், 1990-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கவுன்சில் நோட்டீஸ் அனுப்பலாம். அதை மதிக்காவிட்டால் நீதிமன்றம்தான். சுகாதாரப் பிரிவு சரி சொன்னால் திட்ட அனுமதிப் பிரிவும் சரி சொன்னதாகாது, இரண்டும் தனித்தனி. பொரித்த எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றவே ஊற்றாதீர்கள். 2017-இல் வைட்சேப்பல் சாக்கடையில் 250 மீட்டர் நீளம், 130 டன் கொழுப்புக் கட்டி கிடைத்தது, அதில் ஒரு துண்டை அருங்காட்சியகத்திலேயே வைத்தார்கள். உரிமம் உள்ளவரிடம் எண்ணெயைக் கொடுத்து, ரசீதை இரண்டு வருடம் வைத்திருங்கள்.

டிரை கிளீனிங்கைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே பயன்படும் கரைப்பானின் ஆவி காற்றில் கலப்பதால் கவுன்சிலின் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும், வருடக் கட்டணமும் உண்டு. நண்பரிடம் அனுமதியையும் கட்டிய ரசீதையும் கேளுங்கள். கடை கைமாறினால் அனுமதியையும் முறைப்படி மாற்ற வேண்டும்.

மதிப்பெண் குறைந்தால் இடிந்து போக வேண்டாம். 21 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், அல்லது குறையைச் சரிசெய்து மறுபடி வரச் சொல்லலாம். இதற்குச் சில கவுன்சில்கள் பணம் கேட்கும். ஆனால் எலித் தொல்லை, கழிவுநீர்க் கசிவு போன்ற உடனடி ஆபத்தைக் கண்டால் அன்றைக்கே மூடவைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. இங்கிலாந்தில் ஸ்டிக்கர் ஒட்டுவது கட்டாயமில்லை, வேல்ஸில் கட்டாயம். ஒட்டாவிட்டாலும் மதிப்பெண் இணையத்தில் இருக்கும், மிகக் குறைந்தவர்களை டெலிவரி ஆப்கள் சேர்க்காது.

குத்தகையில் கையெழுத்துப் போடும் முன் அந்த முகவரியை மதிப்பெண் தளத்தில் தேடுங்கள். பழைய ஓனரின் மதிப்பெண் உங்களுக்கு வராது, புதிதாகத்தான் கணக்கு. ஆனால் அவர் விட்டுப்போன எலிகள் காலி செய்யாது, அதனால் பின்பக்கச் சுவரையும் ஸ்டோர் ரூம் மூலைகளையும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் வாடகை பேசுங்கள்.