நிபோங் திபாலுக்குத் திரும்பலாமா? – கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். அம்மா பினாங்கு மாநிலத்தில், நிபோங் திபாலில் தனியாக இருக்கிறார். வயது 68, இனிப்பு நீர் நோயும் உண்டு. வீட்டிலிருந்தே வேலை செய்ய கம்பெனி ஒப்புக்கொண்டுவிட்டது. மாதம் இரண்டு முறை கோலாலம்பூர் வந்தால் போதும். ஊருக்கே திரும்பிவிடலாமா என்று நன்மை, தீமை இரண்டையும் எழுதிப் பார்த்தேன். நன்மைப் பட்டியல்தான் நீளம்: பெரிய வீடு, நெரிசல் இல்லை, செலவு குறைவு. மருத்துவமனை தூரம், இன்டர்நெட் எப்படி இருக்குமோ என்ற இரண்டு பயம் இருக்கிறது. மனைவிக்குக் கார் ஓட்டத் தெரியாது. அது பிரச்சினை இல்லை, நான் கொண்டுபோய் விடுவேன். மகள் ஐந்தாம் ஆண்டு, மகன் முதலாம் ஆண்டு. பிள்ளைகள் படிப்பும் பிரச்சினை இல்லை, தமிழ்ப்பள்ளி பக்கத்திலேயே இருக்கிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

சரவணன், செந்தூல்

அன்புள்ள தம்பி சரவணன்,

அம்மா தனியாக இருக்கிறாரே என்று உங்கள் மனசு அடித்துக்கொள்வது கடிதம் முழுக்கத் தெரிகிறது. அந்த மனசு நல்லா இருக்கட்டும். ஆனால் இரண்டு இடத்தில் “பிரச்சினை இல்லை” என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

முதலில் நீங்கள் பயப்படும் விஷயங்களை முடித்துவிடுகிறேன். இனிப்பு நீருக்கு மாதாமாதம் பார்க்க அரசாங்கக் கிளினிக் போதும், ஒரு வெள்ளிதான். சுங்கை பாக்காப்பில் அரசு மருத்துவமனை இருக்கிறது, பேராக் எல்லையைத் தாண்டினால் பாரிட் புந்தாரில் இன்னொன்று. பெரிய சிகிச்சைக்குச் செபராங் ஜெயா. வாய் கோணினால், ஒரு பக்கம் கை தூக்க முடியாமல் போனால் அது பக்கவாத அறிகுறி; உங்கள் காரைத் தேடாதீர்கள், 999-ஐக் கூப்பிடுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். இன்டர்நெட்டுக்கு, தெருவில் ஃபைபர் போகிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. போகப்போகும் வீட்டின் எண்ணைக் கொடுத்து, தெருவில் இருக்கும் ஃபைபர் பெட்டியில் காலி போர்ட் (இணைப்பு இடம்) இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாமல் வீட்டுக்கு முன்பணம் கட்டாதீர்கள். அலுவலகம் வர பாரிட் புந்தாரில் இ.டி.எஸ். விரைவு ரயில் நிற்கிறது, கே.எல். சென்ட்ரலுக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம். பெருநாள் வாரங்களில் டிக்கெட் சீக்கிரமே தீர்ந்துவிடும், அந்த வாரத்தில் கூட்டம் வைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். இவ்வளவுதான்.

இப்போது உங்கள் மனைவி விஷயம். செந்தூலில் அவர் எல்.ஆர்.டி. ஏறி நினைத்த இடத்துக்குப் போய்வருகிறார். 50 வெள்ளி பாஸ் இருந்தால் மாதம் முழுக்க ரேபிட் கே.எல். ரயிலும் பஸ்ஸும் அவர் கையில். நிபோங் திபாலில் தாமான் குடியிருப்பு வாசலிலிருந்து பாசாருக்குப் போகக்கூட உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். நீங்கள் ஆன்லைன் கூட்டத்தில் இருக்கும்போது மகன் பள்ளியில் காய்ச்சலோடு உட்கார்ந்திருந்தால் யார் போவது? “நான் கொண்டுபோய் விடுவேன்” என்பது கேட்க இனிப்பாக இருக்கிறது தம்பி, ஆனால் ஒரு பெண்ணை வீட்டோடு கட்டிப்போடுகிற பேச்சு அது. வீடு மாறுவதற்கு முன்னாலேயே லைசென்ஸ் எடுக்கச் சொல்லுங்கள். முதலில் கே.பி.பி. என்ற ஆறு மணி நேர ஓட்டுநர் பாட வகுப்பு, பிறகு கணினித் தேர்வு, 50 கேள்வியில் 42 சரியாக வேண்டும். கிளட்ச்சுக்குப் பயந்தால் ஆட்டோ கார் மட்டும் ஓட்டும் டி.ஏ. லைசென்ஸ் இருக்கிறது. இரண்டாவது காரின் தவணை, இன்சூரன்ஸ், ரோட் டேக்ஸ் எல்லாவற்றையும் “செலவு குறைவு” என்ற வரியிலிருந்து கழித்துவிட்டு மறுபடி கணக்குப் பாருங்கள்.

படிப்புக்கு வருகிறேன். கொஞ்ச நாளாக என் தலையில் ஓடிக்கொண்டிருப்பதும் இதுதான்.

தமிழ்ப்பள்ளி பக்கத்தில் இருப்பது நல்லது. 150 பேருக்குக் குறைவாக இருந்தால் அது குறைந்த மாணவர் பள்ளி. உங்கள் இரண்டு பிள்ளைகள் சேர்வதே அங்கே ஒரு பலம். ஆனால் மகள் ஐந்தாம் ஆண்டில் இருக்கிறாள். அடுத்த ஆண்டோடு தமிழ்ப்பள்ளி முடிந்தது. இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான படிவம் ஒன்றில் அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறதா என்று கேட்டீர்களா? கேட்கவில்லை. யாருமே கேட்பதில்லை. ஆறு வருஷம் தமிழ் படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளி வாசலில் மொழியை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போகிறது. பெற்றோர் அதைக் கவனிக்கும்போது பிள்ளை படிவம் மூன்றில் இருக்கும்.

1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. ஒரு தேசியப் பள்ளியில் அல்லது தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால், தமிழ் கற்பிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். ஒரு படிவத்தில் 15 பேர் என்று பலர் நினைத்துக்கொண்டு, எட்டுப் பேர்தானே என்று திரும்பிவிடுகிறார்கள். கணக்கு முழுப் பள்ளிக்கும் சேர்த்துத்தான். படிவம் ஒன்றுக்கு முந்திய புகுமுக வகுப்பிலிருந்து மேல் படிவம் வரைக்கும் எல்லாப் பிள்ளைகளையும் எண்ணலாம்.

சிறுநகரில் இந்த 15 எங்கே உடைகிறது என்று சொல்கிறேன். ஒரு தமிழ்ப்பள்ளியிலிருந்து ஆறாம் ஆண்டு முடித்து 12 பிள்ளைகள் வெளியே வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வீடு எந்தப் பக்கம், பஸ் எந்தப் பக்கம், அண்ணன் எந்தப் பள்ளி என்று பார்த்து நாலு பேர் ஒன்றுக்கு, ஐந்து பேர் இன்னொன்றுக்கு, மூன்று பேர் வேறொன்றுக்குப் பிரிந்துபோகிறார்கள். எந்தப் பள்ளியிலும் எண்ணிக்கை நிறைவதில்லை. செந்தூலில் கூட்டம் தானாகவே சேரும், நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். ஊரில் நீங்கள்தான் சேர்க்க வேண்டும். அதற்கு ஊரில் ஒரு வசதியும் இருக்கிறது: அந்த 12 வீடும் அம்மாவுக்குத் தெரிந்த வீடாக இருக்கும்.

எண்ணிக்கை நிறைந்தாலும் வேலை முடியாது. வகுப்பைக் கால அட்டவணைக்கு வெளியே, பள்ளி விட்ட பிறகு வைத்துவிடுவார்கள். பள்ளி பஸ் காத்திருக்காது. தோட்டப்புறப் பிள்ளைகள்தான் முதலில் கழன்றுகொள்வார்கள், வீடு தூரம் என்பதால். பாதிப் பேர் போனதும், “ஆள் இல்லையே” என்று வகுப்பும் போய்விடும். அதனால் அட்டவணைக்குள்ளேயே கேளுங்கள். முடியாது என்றால், வாரத்தில் எந்த நாள் என்று முடிவு செய்து, அந்த ஒரு நாளுக்கு மட்டும் தாமதமாக வர பஸ்காரரிடம் பெற்றோர் சேர்ந்து பேசிக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் இன்னொரு தலைவலி. தமிழுக்கு இருக்கும் சில பாடவேளைகள் ஒரு முழுப் பணியிடத்துக்குப் போதாது. வரலாறோ நன்னெறியோ சேர்த்துத்தான் கொடுப்பார்கள். அவர் மாற்றலாகிப் போகும்போது பள்ளி பதிலுக்கு வரலாற்று ஆசிரியரைக் கேட்டுவிட்டால், தமிழ் வகுப்பு சத்தமில்லாமல் நின்றுவிடும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் ஒரு தமிழ்ப் பெற்றோராவது உட்கார்ந்திருந்தால்தான் அது கண்ணில் படும். படிவம் மூன்றோடு விட்ட பிள்ளை படிவம் நான்கில் திரும்ப வருவது அரிது. படிவம் ஐந்தின் இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் தமிழ் எடுக்காதவர் தமிழ்ப்பள்ளிக்கு ஆசிரியராக வர முடியாது. பிறகு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் இல்லை என்று நாமே கூட்டம் போட்டுப் பேசுவோம்.

மகள் ஆறாம் ஆண்டில் கால் வைத்ததுமே தொடங்கிவிடுங்கள். பக்கத்துத் தமிழ்ப்பள்ளிகளில் எத்தனை பேர் ஆறாம் ஆண்டு என்று தலைமையாசிரியர்களிடம் கேளுங்கள். பெற்றோரைக் கூட்டி, எல்லோரும் ஒரே இடைநிலைப்பள்ளியைக் கேட்பது என்று முடிவெடுங்கள். ஏற்கெனவே தமிழாசிரியர் இருக்கும் பள்ளியாக இருந்தால் பாதி வேலை மிச்சம். படிவம் ஒன்று இடம் கொடுப்பது மாவட்டக் கல்வி அலுவலகம், ஆகவே இடம் அறிவிப்பதற்கு முன்னாலேயே அங்கே போய்ப் பேச வேண்டும். பிள்ளைகள் சேர்ந்த முதல் வாரத்தில் பள்ளி முதல்வருக்கு மலாயில் ஒரே கடிதம்: பிள்ளையின் பெயர், படிவம், பெற்றோர் பெயர், அடையாளக் கார்டு எண், கையெழுத்து. 15 போதும் என்று நிறுத்தாதீர்கள். யாராவது மாற்றிக்கொண்டு போவார்கள், 20 பேரிடம் வாங்குங்கள். ஒரு நகல் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு. உங்கள் கையில் இருக்கும் நகலில் இரண்டு இடத்திலும் தேதியோடு பெறப்பட்ட முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டால், முதல்வர் மாறியதும் கேட்டதற்கே அடையாளம் இருக்காது.

அன்புடன்,
அக்கா