வெளி ஸ்டேட் டிக்கெட்: காசைக் கட்டிட்டா முடிஞ்சுதா?

கேள்வி: அண்ணா, நான் நியூ ஜெர்சி சிடிஎல் (டிரக் மாதிரி பெரிய வண்டி ஓட்டற கமர்ஷியல் லைசென்ஸ்) வச்சிருக்கேன், ஆறு வருஷமா டிரக் ஓட்டறேன். போன வாரம் வர்ஜீனியாவுல ஐ-81ல லோடோட வர்றப்ப 65 லிமிட்ல 81 போனேன்னு டிக்கெட் எழுதிட்டாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி ஓஹையோல தப்பா லேன் மாத்துனேன்னு ஒரு டிக்கெட், அதுவும் டிரக்ல தான், அப்பவே ஆன்லைன்ல காசு கட்டி முடிச்சிட்டேன். வெளி ஸ்டேட் டிக்கெட்டுக்கு நம்ம லைசென்ஸ்ல ரெண்டு பெனால்டி பாயிண்ட் தான் ஏறும், கட்டிட்டு வேலையைப் பாருன்னு கூட ஓட்டற பசங்க சொல்றாங்க. கட்டிடவா?
(பெயர் வேண்டாம் என்ற வாசகர், எடிசன்)

பதில்: கட்டாதீங்க தம்பி, இப்போதைக்கு கட்டாதீங்க. ரெண்டு பாயிண்ட்னு பசங்க சொன்னது தப்பில்ல, நியூ ஜெர்சில அப்படித்தான். ஆனா சிடிஎல்லுக்கு ஃபெடரல் (மத்திய அரசு) கணக்குன்னு தனியா ஒண்ணு ஓடுது, அதுல பாயிண்டே கிடையாது, எத்தனை கன்விக்ஷன், அதாவது எத்தனை தடவை குத்தம் உறுதியாச்சுன்னு தான் பார்ப்பாங்க. லிமிட்டுக்கு மேல 15 மைலோ அதுக்கு மேலயோ போனா அது 'சீரியஸ்' லிஸ்ட்ல வரும், நீங்க 16 தாண்டியிருக்கீங்க. தப்பா லேன் மாத்துறது, முன்னாடி போற வண்டியை ஒட்டிப் போறது, ஓட்டும்போது கையில போன் வச்சிருக்கிறது எல்லாமே அதே லிஸ்ட் தான். மூணு வருஷத்துக்குள்ள ரெண்டு ஆனா 60 நாள் டிரக் ஓட்ட முடியாது, மூணு ஆனா 120 நாள். உங்க ஓஹையோ டிக்கெட் ஏற்கனவே ஒண்ணு, இதைக் கட்டுனா ரெண்டு. ஏன்னா ஃபைன் கட்டுறதே குத்தத்தை ஒத்துக்கிட்ட மாதிரி, கோர்ட் வாசல் மிதிக்காட்டாலும் அது கன்விக்ஷன் தான். அந்த 60 நாளைக்கு வேலைக்குப் போகணும்னு கெஞ்சி ஸ்பெஷல் லைசென்ஸ் வாங்கி டிரக் ஓட்டலாம்னு நினைக்காதீங்க, அப்படிக் குடுக்கவே ஸ்டேட்டுக்கு அதிகாரம் இல்ல. வீட்டு வாடகை, புள்ளைங்க ஃபீஸ்னு ஓடற குடும்பத்துக்கு ரெண்டு மாசம் சம்பளம் இல்லாம போறது எவ்வளவு பெரிய அடின்னு உங்களுக்கே தெரியும்.

வெளி ஊர் விஷயம் இங்க எப்படித் தெரியும்னும் சில பேர் கேக்கறாங்க. ஒரு காலத்துல டிரைவருங்க மூணு நாலு ஸ்டேட்ல லைசென்ஸ் வாங்கி வச்சிக்கிட்டு டிக்கெட்டைப் பிரிச்சுப் போட்டு தப்பிச்சாங்க, அதைத் தடுக்கத்தான் 1986ல சட்டம் போட்டு ஒருத்தருக்கு ஒரே லைசென்ஸ்னு ஆக்குனாங்க. இப்ப எல்லா ஸ்டேட்டும் ஒரே ரெக்கார்ட் சிஸ்டத்துல இணைஞ்சிருக்கு, வர்ஜீனியால கன்விக்ஷன் ஆனா 10 நாளுக்குள்ள நியூ ஜெர்சிக்கு சொல்லணும்.

டிஃபென்சிவ் டிரைவிங் கிளாஸ் போனா அழிஞ்சிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. கார் லைசென்ஸ்காரங்களுக்கு அது சரிப்படும், சிடிஎல் இருக்கிறவங்க கன்விக்ஷனை அப்படி மறைக்கக் கூடாதுன்னே ஃபெடரல் ரூல் இருக்கு, சொந்த கார்ல வாங்குன டிக்கெட்டா இருந்தாலும் இதே கதை தான்.

அதனால டிக்கெட்ல எந்த கோர்ட்னு பாருங்க, அந்தப் பக்கத்துல சிடிஎல் கேஸ் பாக்குற லாயருக்கு தேதிக்கு முன்னாடியே போன் பண்ணுங்க, ஓஹையோ விஷயத்தையும் மறைக்காம சொல்லுங்க. ஆதாரத்துல ஓட்டை இருந்தா தீர்ப்புக்கு முன்னாடியே கேஸை எதிர்த்துப் பேச வழி இருக்கு, தீர்ப்பு வந்துட்டா அப்பீலைத் தவிர பெருசா வழி கிடையாது. ஈஎல்டி (டிரக் ஓடின நேரத்தைப் பதியற மெஷின்) ரெக்கார்ட், டாஷ்கேம் வீடியோ ரெண்டையும் இன்னைக்கே எடுத்து வைங்க, வீடியோ மேல வீடியோ ஏறி அழிஞ்சிடும். கோர்ட் தேதியை மட்டும் விட்றாதீங்க, அப்புறம் லைசென்ஸே சஸ்பெண்ட் ஆகற நிலைமை வரலாம். ஒருவேளை கன்விக்ஷன் ஆயிட்டா 30 நாளுக்குள்ள கம்பெனிக்கு எழுத்துல குடுக்கணும், வாயால சொன்னா போதாது.

கேள்வி: லீவுல என் சொந்த கார்ல லூசியானா போனப்ப குடிச்சிட்டு ஓட்டுனதா கேஸ். லைசென்ஸ் டெக்சாஸ். டிரக் ஓட்டலையே, சிடிஎல்லுக்கு என்ன ஆகும்?
(ஹூஸ்டன் வாசகர்)

பதில்: கார்னாலும் கணக்கு தான் சார். கன்விக்ஷன் ஆனா முதல் தடவைக்கே ஒரு வருஷம் சிடிஎல் போகும், ரெண்டாவது தடவைன்னா வாழ்நாள் தடை. இன்னைக்கே லூசியானா லாயரைப் பிடிங்க.